ஒரே ஞாயித்துக்கிழமை, ரெண்டு வயித்துக்கோளாறு: 3 கிலோ கோழியும் ஒரு வீட்டு ஃபிரிட்ஜும்

பின்னணி

ஈரோடு பக்கத்துல ஒரு டவுன், சொந்த வீடு. வீட்டுல ஆறு பேரு. 74 வயசுப் பாட்டி, அவங்க மகன் (இனிமே பெரியவர்னு சொல்றேன்), பெரியவரோட சம்சாரம் (கீழ மாமியார்னு வர்றது இவங்கதான்), அவங்க மகன், மருமகள், 4 வயசுப் பேரன் (கீழ பையன்னு வர்றது இவன்). அந்த ஞாயித்துக்கிழமை கோயம்புத்தூர்ல கட்டிக்குடுத்த மகளும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்தாங்க, ஆக எட்டு பேரு. மே மாசம், அக்னி நட்சத்திரம், பகல்ல வெயில் 40 டிகிரியைத் தொட்டுட்டு இருந்துச்சு, சமையக்கட்டுல சொல்லவே வேண்டாம்.

நான் ஆஸ்பத்திரியில டயட்டீஷியனா வேலை பாக்கறேன். பாட்டி அட்மிட் ஆன வார்டுல சாப்பாடு பத்திப் பேசப் போனப்போதான் இந்தக் குடும்பத்தைத் தெரியும். "வீட்டுக்கு வந்து ஒருக்கா பாக்க முடியுங்களா, இன்னொருக்கா இப்படி ஆகக்கூடாதுங்க"ன்னு மருமகள்தான் கேட்டாங்க. எழுதறதுக்கு வீட்டுல எல்லாரும் சம்மதம் சொல்லிட்டாங்க, யாருன்னு தெரியற மாதிரி எதுவும் போடல.

இதை முழுசா எழுதக் காரணம் என்னன்னா, ஒரே வீட்டுல ஒரே நாள்ல ரெண்டு விதமான தப்பு நடந்து ரெண்டு விதமான நோய் வந்திருக்கு, பச்சைக் கோழியை வெச்ச இடத்தால ஒண்ணு, சமைச்ச குழம்பை வெச்ச நேரத்தால ஒண்ணு. ஆனா வீட்டுல எல்லாரும் "கறி கெட்டுப்போச்சு, கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு முடிச்சுட்டாங்க. அப்படியே விட்டிருந்தா கடையை மாத்திட்டு அதே பழக்கத்தோட இன்னும் பத்து வருஷம் போயிருப்பாங்க. இத்தனைக்கும் அவ்வளவு சுத்தமான வீடு அது, அடுப்பு மேடையில ஒரு சொட்டு எண்ணெய் கூடப் பாக்க முடியாது.

சனிக்கிழமை சாயங்காலத்துலேருந்து ஞாயிறு ராத்திரி வரைக்கும்

ஞாயித்துக்கிழமை காலையில கறிக்கடையில கூட்டம் தாங்காதுன்னு மகன் சனிக்கிழமை சாயங்காலமே 3 கிலோ பிராய்லர் வெட்டி வாங்கிட்டாரு. கடையில ரெண்டு கவர்ல போட்டு முடிச்சுப் போட்டுக் குடுத்தாங்க. ஸ்கூட்டர் டிக்கியில வெச்சுட்டு மளிகைக் கடை, அப்புறம் ஒரு நண்பர் வீடுன்னு போயிட்டு வீட்டுக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆயிருக்கு. நாள் பூரா வெயில்ல நின்ன வண்டி, சீட்டுக்கு அடியில இருக்கிற டிக்கி எப்படிச் சுடும்னு ஓட்டறவங்களுக்குத் தெரியும்.

வந்ததும் கவரோட ஃபிரிட்ஜ்ல வெச்சாங்க. சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ், ஃபிரீசருக்கு நேர் கீழ ஒரு டிரே இருக்கும் பாருங்க, சில்லர் டிரேன்னு சொல்லுவாங்க, அதுல. அதுக்குக் கீழ் தட்டுல தோசைமாவுப் பாத்திரம், பால் பாக்கெட், தயிர், அது பக்கத்துலயே மதியம் நறுக்கின தர்பூசணி ஒரு கிண்ணத்துல. கிண்ணத்து மேல ஒரு தட்டு கவுத்தி மூடியிருந்தது, சின்னத் தட்டு, ஒரு ஓரம் லேசா திறந்தபடிதான் இருந்திருக்கு.

ராத்திரி கவர்லேருந்து தண்ணி கசிஞ்சிருக்கு. எலும்பு முனை குத்தி கவர் ஓட்டையாகறது சாதாரணமா நடக்கறதுதான். காலையில மாமியார் ஃபிரிட்ஜைத் திறந்தப்போ டிரேயில இளஞ்சிவப்பா தண்ணி நின்னிருக்கு, கீழ் தட்டுலயும் ரெண்டு மூணு சொட்டு. பிடிதுணி எடுத்துத் துடைச்சுட்டு கோழியைக் கழுவ எடுத்துட்டாங்க. தர்பூசணித் தட்டு மேலயும் ஈரம் இருந்ததுன்னு அவங்களுக்கு ஞாபகம் இருக்கு, ஆனா தர்பூசணித் தண்ணியும் அதே நிறம்தானே, பழத்துத் தண்ணின்னு நெனச்சுட்டாங்க. யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க. அதே பிடிதுணிதான் அன்னைக்குப் பூரா சமையக்கட்டுல.

11 மணி வாக்குல பாட்டி, பேரன், மகள் மூணு பேரும் அந்தத் தர்பூசணியைச் சாப்ட்டாங்க. பெரியவருக்கும் மகனுக்கும் சுகர், மாப்பிள்ளை மதியச் சாப்பாட்டுக்கு வயித்தைக் காலியா வெச்சுக்கறேன்னு வேண்டாம்னுட்டாரு, மாமியாரும் மருமகளும் அடுப்படியில.

கோழியில பாதி வறுவல், பாதி தேங்கா அரைச்சு ஊத்தின குழம்பு. 1 மணிக்குக் குழம்பு இறங்குச்சு, 2 மணிக்குள்ள எட்டு பேரும் சாப்ட்டு முடிச்சாங்க. மிச்சக் குழம்பு பெரிய எவர்சில்வர் குண்டாவுல பாதிக்கு மேல இருந்தது. மூடி போட்டு அணைச்ச அடுப்பு மேலயே விட்டுட்டாங்க. சூடா ஃபிரிட்ஜ்ல வெச்சா ஃபிரிட்ஜ் கெட்டுப்போகும், ஆறட்டும்னு. சாயங்காலம் 5 மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் ஒரு டப்பாவுல வறுவல் வாங்கிட்டு பஸ் ஏறிட்டாங்க. குழம்பை யாரும் தொடல.

ராத்திரி 9 மணிக்கு தோசை. பெரியவர், மகன், மருமகள் மூணு பேரும் குழம்பு ஊத்திக்கிட்டாங்க. பசி நேரம், அவசரம், குண்டாவை அடுப்புல வெச்சு மேல லேசா ஆவி வந்ததும் இறக்கியாச்சு, கொதிக்கல. மாமியார் மோர்சாதம், பாட்டி இட்லியும் பாலும், பையன் தோசைக்குச் சக்கரை. அப்புறம்தான் குண்டா ஃபிரிட்ஜுக்குள்ள போச்சு.

யாருக்கு எப்போ என்ன ஆச்சு

திங்கக்கிழமை விடியக்காலை 5 மணிக்கு பெரியவருக்கு அடிவயித்துல முறுக்கிப் பிடிச்சு பேதி. ஒரு மணி நேரத்துக்குள்ள மகனுக்கும் மருமகளுக்கும். மூணு பேருக்கும் காய்ச்சல் கிடையாது, வாந்தியும் இல்ல, வயித்துவலியும் தண்ணியாப் போறதும்தான். மகன் மெடிக்கல்ல போய் பேதி நிக்கிற மாத்திரை வாங்கிட்டு வந்தாரு, மிச்சக் குழம்பைச் சாக்கடையில கொட்டியாச்சு. கோபத்துல கறிக்கடைக்குப் போய் நாலு பேரு முன்னாடி சத்தம் போட்டுட்டும் வந்துட்டாரு. செவ்வாக்கிழமை காலையில மூணு பேரும் நல்லாயிட்டாங்க, ஏறக்குறைய ஒரே நாள்ல அடங்கிடுச்சு.

ஆனா திங்கக்கிழமை சாயங்காலம் 7 மணிக்கு பையனுக்குக் காய்ச்சல் ஆரம்பிச்சது, ராத்திரியில பேதி, சளி சளியா. பாட்டிக்கு அன்னைக்கு நடுராத்திரி குளிர் காய்ச்சல், வாந்தி, பேதி. வீட்டுல மிச்சமிருந்த அதே மாத்திரையை பாட்டிக்கும் குடுத்துட்டாங்க. செவ்வாய் விடியக்காலை கோயம்புத்தூர்லேருந்து போன், மகளுக்கும் காய்ச்சலும் பேதியும், ஆனா மாப்பிள்ளைக்கு ஒண்ணுமே இல்ல.

செவ்வாய் காலை 9 மணிக்கு பாட்டி எழுந்து உக்கார முடியல, நாக்கு வறண்டு கிடந்துச்சு, ராத்திரிலேருந்து ஒண்ணுக்கே போகல. அப்போதான் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்தாங்க.

ஆஸ்பத்திரியில எடுத்த முடிவுகள்

பாட்டிக்கு பிரஷர் இறங்கியிருந்தது, உடனே டிரிப் போட்டாங்க. டாக்டர் முதல்ல நிறுத்தினது அந்த மாத்திரையைத்தான். காய்ச்சலோட வர்ற பேதியில குடலோட அசைவைக் கட்டிப் போட்டா கிருமி உள்ளயே தங்கி நோய் மோசமாகலாம், அதுவும் வயசானவங்களுக்கு. மலப் பரிசோதனைக்கு, அதாவது கல்ச்சருக்கு, ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே சாம்பிள் எடுத்தாங்க. 70 தாண்டினவங்களுக்கு கிருமி குடலோட நிக்காம ரத்தத்துல கலக்கற ஆபத்து இருக்கிறதால ஆன்டிபயாடிக் குடுக்கலாம்னு முடிவு.

பையனைப் பாத்தப்போ நல்லா முழிச்சு விளையாடிட்டுதான் இருந்தான், தண்ணி கேட்டுக் குடிச்சான். அவனுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம்னுட்டாங்க. ஓ.ஆர்.எஸ். தண்ணியும், தினம் 20 மில்லிகிராம் ஜிங்க் 14 நாளைக்கும். "புள்ளைக்கு மட்டும் மருந்தே குடுக்கலையே"ன்னு பெரியவருக்கு வருத்தம். சாதாரணமா ஆரோக்கியமா இருக்கிற குழந்தைக்கு இந்த மாதிரி பேதி தானா அடங்கிடும், அந்த நேரத்துல உடம்புத் தண்ணி குறையாமப் பாத்துக்கறதுதான் வைத்தியமே. ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் தண்ணியில முழுசாக் கரைக்கணும், ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் கரைச்சா அளவு தப்பிடும். இதை மருமகளுக்கு ஒருதடவை கரைச்சே காட்டினோம்.

வெள்ளிக்கிழமை கல்ச்சர் ரிசல்ட் வந்துச்சு, சால்மொனெல்லாங்கற கிருமி. அன்னைக்கே கோயம்புத்தூர்ல மகளுக்கு எடுத்த டெஸ்ட்லயும் அதேதான்.

யாரு எதைச் சாப்ட்டாங்கன்னு உக்காந்து எழுதினப்போ

வியாழக்கிழமையே நான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். ரிசல்ட் வர்றதுக்குள்ள ஒரு நோட்டுல எட்டு பேரையும் கீழ கீழ எழுதி, சனிக்கிழமை ராத்திரிலேருந்து வாய்க்குள்ள போன ஒவ்வொண்ணையும் பக்கத்துல குறிச்சோம். பாட்டி ஆஸ்பத்திரியில இருந்ததால அவங்ககிட்ட வார்டுலயே கேட்டாச்சு, மகள்கிட்ட போன்ல.

மதியக் குழம்பையும் வறுவலையும் எட்டு பேருமே சாப்ட்ருக்காங்க, அதுல மாப்பிள்ளைக்கும் மாமியாருக்கும் எதுவுமே ஆகல. வறுவலை கோயம்புத்தூர்ல ராத்திரி திரும்பவும் ரெண்டு பேரு சாப்ட்ருக்காங்க, ஒருத்தருக்குத்தான் கோளாறு. அப்போ கறி கெட்டதுங்கற பேச்சு எடுபடல. ராத்திரிக் குழம்பு சாப்ட்டது மூணு பேரு, எட்டு ஒன்பது மணி நேரத்துல அந்த மூணு பேருக்கும் பேதி, காய்ச்சலில்லாம, ஒரே நாள்ல சரி. தர்பூசணி சாப்ட்டது வேற மூணு பேரு, அந்த மூணு பேருக்கும்தான் 30 மணி நேரத்துக்கு மேல கழிச்சு காய்ச்சலோட பேதி. ரெண்டு கூட்டத்துலயும் பொதுவா ஒரு ஆள் கூட இல்ல. மாமியார் நோட்டை வாங்கி ரெண்டு மூணு தடவை பாத்தாங்க, அப்புறம்தான் அந்தத் தட்டு மேல இருந்த ஈரத்தைப் பத்தியே சொன்னாங்க.

சால்மொனெல்லா கோழியோட குடல்ல இருக்கிற கிருமி, வெட்டும்போது கறியில படும். எந்தக் கடைக் கறியிலயும் இருக்கலாம், ஃபிரெஷ்ஷா வெட்டினாலும் இருக்கலாம். வாடை வராது, நிறம் மாறாது, மோந்து பாத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. நல்லா வேக வெச்சா, உள்பக்கம் 74 டிகிரி வந்தா செத்துடும், அதனாலதான் அந்தக் குழம்பு மதியம் யாரையும் ஒண்ணும் பண்ணல. தர்பூசணியை யாரும் வேக வைக்கறதில்லையே. பச்சைக் கறித் தண்ணி ரெண்டு சொட்டு அதுல விழுந்து, இனிப்பும் ஈரமுமா ராத்திரி பூரா சரியா குளிராத ஃபிரிட்ஜ்ல இருந்துச்சு.

ராத்திரிக் குழம்புல நடந்தது வேற. அந்த அறிகுறியும் நேரமும் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ்ங்கற கிருமிக்கு அப்படியே பொருந்துது. மூணு பேருக்கும் டெஸ்ட் எடுக்கல, குழம்பும் சாக்கடைக்குப் போயிடுச்சு, அதனால இது சூழ்நிலையை வெச்சு டாக்டரும் நானும் எடுத்த முடிவுன்னு சொல்லிடறேன். இந்தக் கிருமியோட விதை மாதிரியான ஸ்போர்கள் கொதிக்கற குழம்புலயும் சாகாம நிக்கும். குழம்பு மெதுவா ஆறும்போது முளைச்சுப் பெருகும், 43லேருந்து 47 டிகிரி வரைக்கும் அதுக்குக் கொண்டாட்டம், காத்து படாத கெட்டிக் குழம்போட அடிப்பாகம் ரொம்பவே தோது. சாப்புடறதுக்கு முன்னாடி தளதளன்னு கொதிக்க வெச்சிருந்தா பெருகினதெல்லாம் செத்திருக்கும், வெதுவெதுப்பா சூடு பண்ணதால உயிரோட உள்ள போய் குடல்ல வெச்சு நஞ்சை விட்டிருக்கு.

"ஆறிப்போயிருந்துச்சுங்க, நான் தொட்டுப் பாத்தேன்"னு மாமியார் உறுதியா சொன்னாங்க. அதனால அதே குண்டாவுல அன்னைக்கு இருந்த அளவுக்குக் கொதிக்கற தண்ணி ஊத்தி, மூடி, அதே அடுப்பு மேல வெச்சு, மணிக்கு ஒருதடவை மருமகளை தெர்மாமீட்டர் விட்டுப் பாக்கச் சொன்னேன். நாலு மணி நேரத்துக்கு அப்புறமும் 50 டிகிரி கிட்ட, ஏழு மணி நேரம் கழிச்சும் 40க்குக் கீழ வரல. குண்டாவோட வெளிப்பக்கம் தொட்டா சாதாரணமாத்தான் இருந்துச்சு. குழம்பு தண்ணியை விடக் கெட்டி, இன்னும் மெதுவாத்தான் ஆறும்.

பாட்டிகிட்ட இதைச் சொன்னப்போ அவங்க படுத்தபடியே சொன்னாங்க, "எங்க காலத்துல சாயங்காலம் ஒருக்கா, படுக்கப் போறப்ப ஒருக்கா கொதிக்க வெச்சுத்தான் மூடுவோம் கண்ணு, இவளுக ஃபிரிட்ஜ் வந்ததுல இருந்து அதை விட்டுட்டாளுக." சுண்டக்குழம்புக்குப் பின்னாடி இருந்த அறிவு அது. எல்லாக் கிருமியோட நஞ்சும் கொதிச்சா போயிடாது, சிலது சூட்டைத் தாங்கும், அதனால கொதிக்க வைக்கறதை மட்டும் நம்பி வெளியவே வெச்சிருக்கறதை நான் சொல்லமாட்டேன். ஆனா ஃபிரிட்ஜ் வாங்கின வீடுகள்ல பழைய பழக்கம் போயிடுச்சு, புதுசா கத்துக்க வேண்டியது வந்து சேரல, நடுவுல ஏழு மணி நேரம் அடுப்பு மேல குழம்பு.

ஃபிரிட்ஜைத் திறந்து பாத்தப்போ

ஒரு டம்ளர் தண்ணியில தெர்மாமீட்டரைப் போட்டு ராத்திரி பூரா நடுத் தட்டுல வெச்சு காலையில பாக்கச் சொன்னேன், கதவைத் திறந்ததும் காத்து மாறிடும், தண்ணிதான் உண்மையைச் சொல்லும். 9 டிகிரி. இருக்க வேண்டியது 4, அதிகபட்சம் 5. கரண்ட் பில்லுக்காக குமிழை 2லயே வெச்சிருந்தாங்க, கதவு ரப்பர் ஒரு மூலையில கிழிஞ்சு, ஒரு பேப்பரை வெச்சு மூடினா சுலபமா உருவ முடிஞ்சுது. ஃபிரீசர்ல கை நுழையாத அளவுக்கு ஐஸ் கட்டியிருந்தது. உள்ள சாமான் திணிச்சு வெச்சு காத்து போக வழியே இல்ல.

பச்சைக் கறியை எல்லாத்துக்கும் கீழ் தட்டுல வைங்கன்னுதான் எல்லா வழிகாட்டியிலயும் இருக்கும், சொட்டினாலும் கீழ எதுவும் இருக்காதுன்னு. ஆனா நம்ம ஊர் சிங்கிள் டோர் ஃபிரிட்ஜ்ல அதிகமா குளிர்றது ஃபிரீசருக்கு அடியில, மேல. கீழ காய்கறிப் பெட்டிகிட்ட குளிர்ச்சி கம்மி. கறியை வைக்கறதுக்குன்னே கம்பெனிக்காரங்க குடுக்கற சில்லர் டிரே மத்த எல்லாத் தட்டுக்கும் மேல இருக்கு. குளிர்ச்சிக்கு மேல வைக்கணும், சொட்டாம இருக்கக் கீழ வைக்கணும். இதை யாரும் சொல்றதில்ல, அந்தக் குடும்பம் சில்லர் டிரேயில வெச்சதுல அவங்க யோசனை சரிதான். கவர்ல வெச்சதுதான் பிரச்சினை. அதனால இடத்தைப் பத்தி சண்டை போடாம பாத்திரத்தை மாத்தறதுன்னு முடிவு பண்ணோம்.

என்ன மாத்தினோம், ஏன்

கறிக்கடைக்கு வீட்டுலேருந்தே இறுக்கமா மூடற டப்பா எடுத்துட்டுப் போறது, கறி வாங்கறது கடைசி வேலையா இருக்கறது, வாங்கினா நேரா வீடு. சமைக்கற அன்னைக்குக் காலையிலயே வாங்கிடறது நல்லது. முந்தின நாளே வாங்கினா அதே டப்பாவுல, அடியில ஒரு விளிம்பு வெச்ச தட்டோட சில்லர் டிரேயில. பச்சைக் கோழி 4 டிகிரியில ஒரு நாள், மிஞ்சிப்போனா ரெண்டு நாள்தான் தாங்கும். அதுக்கு மேல வேணும்னா வந்ததுமே ஃபிரீசர். மஞ்சளும் உப்பும் பெரட்டி வெச்சா கெடாதுன்னு மாமியாருக்கு ரொம்ப நம்பிக்கை, வாடையைக் குறைக்கும், ருசிக்கும் நல்லது, கிருமிக்கு அது தடையே இல்லன்னு சொல்லிப் புரியவெச்சோம்.

ஃபிரீசருக்கு அரைக் கிலோ அரைக் கிலோவா, தட்டையா. கட்டியா 2 கிலோ உருண்டையைப் போட்டா உள்ள குளிர் ஏறவும் நேரமாகும், எடுத்து வெளிய வெச்சா மேல இளகி நடுவுல கல்லாவே இருக்கும். எடுக்கறப்போ முந்தின ராத்திரி கீழ் தட்டுல ஒரு பாத்திரத்துக்குள்ள வெச்சு இளக விடறது, சிங்க்ல வெந்நீர் ஊத்தி இளக்கறதில்ல.

கழுவறது பத்தி நிறையப் பேசினோம். கோழியைக் கழுவவே கழுவாதீங்க, தண்ணி தெறிச்சு கிருமி பரவும்னு அமெரிக்க வேளாண் துறை மாதிரி இடங்கள்ல தெளிவா சொல்றாங்க, தெறிக்கறது நிஜம்தான். ஆனா நம்ம கறிக்கடையில கட்டை மேல வெச்சு வெட்டிக் குடுக்கற கறியில எலும்புத் துணுக்கு, ரத்தம், சமயத்துல ரெண்டு ரோமம் கூட ஒட்டியிருக்கும், அதைக் கழுவாம சமைங்கன்னு சொன்னா இந்த வீட்டுல யாரும் கேக்கப் போறதில்ல, கேக்காத அறிவுரையால பிரயோஜனமும் இல்ல. அதனால குழாய்க்கு அடியில பிடிக்காம, ஒரு பெரிய பாத்திரத்துல தண்ணி ஊத்தி அதுக்குள்ள மெதுவா அலசறது, அலசின தண்ணியை தெறிக்காம ஊத்தறது, உடனே சிங்க்கையும் மேடையையும் சோப்பு போட்டுத் தேய்க்கறது, அந்த நேரத்துல பக்கத்துல காய், தட்டு, டம்ளர் எதுவும் இருக்கக்கூடாது. பச்சைக் கறிக்குத் தனி அருவாமனை, தனிக் கட்டை. பிடிதுணி தினமும் கொதிக்கற தண்ணியில, கறி தொட்ட துணி அப்பவே சோப்புக்கு.

சமைச்ச குழம்புக்கு ரெண்டு மணி நேரம்தான் வெளிய, வெயில் காலத்துல 32 டிகிரிக்கு மேல போனா ஒரு மணி நேரம். சாப்ட்டு முடிச்சதும் மிச்சத்தை அகலமான, உயரம் கம்மியான மூணு பாத்திரத்துல பிரிச்சு ஊத்தி, தாம்பாளத்துல தண்ணி விட்டு அதுக்குள்ள வெச்சு ஃபேனுக்கு அடியில. தண்ணியை வெச்சு அதையும் அளந்து பாத்தோம், அரை மணி நேரத்துல ரூம் சூட்டுக்கு வந்துடுச்சு. அப்பவே மூடி போட்டு ஃபிரிட்ஜுக்குள்ள. லேசா வெதுவெதுன்னு இருந்தா கூடப் பரவால்ல, ஃபிரிட்ஜ் கெட்டுப்போகாது, கொதிக்கக் கொதிக்க மொத்தக் குண்டாவையும் வைக்காம இருந்தாப் போதும்.

சமைச்ச கோழி 4 டிகிரியில மூணு நாலு நாள் தாங்கும்னு கணக்கு. நான் இந்த வீட்டுக்கு ரெண்டு நாள்னு சொன்னேன். கோடையில கரண்ட் போய்ப் போய் வரும், கதவை குழந்தையும் திறப்பான், புத்தகத்துல சொல்ற 4 டிகிரி எந்நேரமும் இருக்கும்னு நம்பறதுக்கில்ல. சாப்பிடறப்போ வேண்டிய அளவு மட்டும் எடுத்து, கிளறிக் கிளறி, நடுவுலயும் குமிழி வர்ற அளவுக்குக் கொதிக்க வைக்கறது. மிஞ்சினதைத் திரும்ப உள்ள வைக்கறதில்ல.

நறுக்கின பழம், தயிர், சட்னி, பச்சையா சாப்புடற எல்லாத்துக்கும் மூடற டப்பா. கவுத்தின தட்டு மூடி ஆகாது.

கதவு ரப்பரை மாத்தியாச்சு, ஐஸை உருக்கியாச்சு, குமிழ் 4ல. ரெண்டு நாள் கழிச்சு டம்ளர்ல 4 டிகிரி காட்டுச்சு.

அப்புறம் நடந்தது

பாட்டி நாலு நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாங்க. பேதி நின்னாலும் தெம்பு வர மூணு வாரம் ஆச்சு, வாசல் வரைக்கும் நடக்கவே சுவத்தைப் பிடிச்சுட்டுதான். அதே கிருமி மருமகளுக்கோ மகனுக்கோ வந்திருந்தா சில நாள் லீவோட போயிருக்கலாம். வீட்டுல வயசானவங்க, 5 வயசுக்குக் கீழ குழந்தை, மாசமா இருக்கறவங்க இருந்தா இந்த விஷயத்துல விட்டுக்குடுக்கவே கூடாதுன்னு நான் அடிச்சுச் சொல்றது இதுக்காகத்தான்.

பையன் அஞ்சாவது நாள் சரியாயிட்டான். ஆனா நல்லானதுக்கு அப்புறமும் சில வாரம் மலத்துல இந்தக் கிருமி வந்துட்டே இருக்கும், அதனால கக்கூஸ் போயிட்டு வந்தா சோப்பு போட்டுக் கை கழுவறதை அவனுக்கும் பாட்டிக்கும் யாராவது கூட நின்னு பாத்துக்கணும்னு ஏற்பாடு பண்ணாங்க. மகளுக்கு ஆறு நாள் ஆச்சு. புதுசா வேற யாருக்கும் வரல.

மகன் கறிக்கடைக்குத் திரும்பப் போய்ப் பேசிட்டு வந்தாரு. என்ன பேசினாருன்னு சொல்லல, இப்பவும் அங்கதான் வாங்கறாங்க, டப்பா எடுத்துட்டுப் போய்.

பழக்கம் மாறினது ஒரே மாதிரி இல்ல. டப்பாவும் தனிக் கட்டையும் முதல் வாரத்துலேருந்தே நடந்துச்சு. குழம்பைப் பிரிச்சு ஆற வைக்கறது மட்டும் ஒரு மாசம் கழிச்சுப் போனப்பவும் தடுமாட்டம், விருந்து முடிஞ்சு எல்லாரும் அசந்து படுத்துடறாங்க, பாத்திரமும் கூட மூணு விழுது, கழுவறது மாமியார். இதைத் திட்டி மாத்த முடியாது. குழம்பு பிரிக்கறதும் அந்தப் பாத்திரங்களைக் கழுவறதும் பெரியவர், மகன் வேலைன்னு வீட்டுலயே பேசி முடிவு பண்ணாங்க. அதுக்கப்புறம் தவறல.

இன்னொரு தடவைன்னா என்ன வேற மாதிரி

சந்தேகப்படற சாப்பாட்டைக் கொட்டாம, ஒரு சின்ன டப்பாவுல போட்டு மூடி, "சாப்பிடாதீங்க"ன்னு எழுதி ஃபிரிட்ஜ்ல ஒதுக்கி வெச்சுட்டு டாக்டர்கிட்ட சொல்லணும். குழம்பு இருந்திருந்தா சூழ்நிலையை வெச்சு சொல்ற முடிவுக்குப் பதிலா உறுதியான பதிலே கிடைச்சிருக்கும். காய்ச்சலோட வர்ற பேதிக்கு மெடிக்கல்ல கேட்டு மாத்திரை வாங்கறது கூடாது. பாட்டி வயசுல இருக்கறவங்களை விடியற வரைக்கும் வெச்சிருக்காம, ஒண்ணுக்கு வரலன்னு தெரிஞ்ச உடனே கூட்டிட்டு வரணும், அந்த ஒரு ராத்திரிதான் டிரிப் போடற அளவுக்குக் கொண்டு போயிடுச்சு.

எங்க வார்டு பக்கமும் ஒண்ணு மாறியிருக்கு. உணவால வந்த கோளாறுன்னு யாரு வந்தாலும் வீட்டுல யாருக்கெல்லாம் உடம்பு சரியில்லங்கறதோட நிறுத்தாம, யாருக்கெல்லாம் ஒண்ணும் ஆகலன்னும் கேட்டு எழுதறோம். இந்த வீட்டுல மாப்பிள்ளையும் மாமியாரும் நல்லா இருந்ததுதான் வழியைக் காட்டுச்சு.

ஆடி மாசம் ஒரு நாள் மருமகள் போன் பண்ணாங்க. காத்துக்கு கம்பம் சாஞ்சு காலையிலேருந்து கரண்ட் இல்ல, ஃபிரிட்ஜ்ல ஒரு கிலோ பச்சைக் கோழி இருக்கு, ஆறு மணி நேரம் ஆச்சு, என்ன பண்ணட்டும்னு. கதவைத் திறக்காம இருந்தா நாலு மணி நேரம் வரைக்கும் குளிர் நிக்கும், அதுக்கு மேல போனா பச்சைக் கோழியை நம்பக்கூடாது. டம்ளர்ல எவ்வளவு காட்டுதுன்னு கேட்டேன், 12. தூக்கிப் போடுங்கன்னு சொன்னேன். "அத்தை ஏற்கனவே எடுத்துப் போட்டுட்டாங்க, சரிதானான்னு கேக்கத்தான் கூப்ட்டேங்க"ன்னாங்க. ஃபிரீசர்ல இருந்த ரெண்டு பாக்கெட் இன்னும் கல்லு மாதிரி இருந்துச்சு, அதை அப்படியே விடச் சொன்னேன், சாயங்காலம் கரண்ட் வந்துடுச்சு.